மணி ஏன் குரைக்கிறது?

நுழையுமுன்

நாய் குரைப்பது இயல்பு. ஆனால் அது ஓயாமல் குரைத்தால் அண்டை வீட்டார் உறக்கம் இழப்பர், வளர்ப்பவர் மனம் நோவர், நாயும் துன்புறும். ‘நாயை எப்படி அடக்குவது?’ என்றே பலரும் கேட்பர். அதற்கு முன் கேட்கவேண்டிய வேறொரு வினா உண்டு. அது எது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1. சுவரைப் பகிர்ந்த வீடுகள்

கருநாடக மாநிலத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கோலார் தங்கவயல். 1880ஆம் ஆண்டையொட்டி இங்கே ஜான் டெய்லர் நிறுவனத்தார் தங்கம் தோண்டத் தொடங்கினர். அன்றைய வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் பிழைப்புத் தேடி இங்கு வந்து சேர்ந்தன. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை சென்றது.

தொழிலாளர் குடியிருந்த வீடுகளை மக்கள் ‘லைன்’ என்பர். ஒரே வரிசையில் பல வீடுகள். இரு வீடுகளுக்கு இடையே ஒரே சுவர். ஒரு வீட்டில் தாளிப்பது அடுத்த வீட்டில் மணக்கும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் அடுத்த வீட்டுத் தாய் விழித்துக்கொள்வாள். சுரங்கத்தில் பகலும் இரவும் முறைமாற்றி வேலை நடந்தது. எனவே லைனில் எந்நேரமும் எவரேனும் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் தங்கவயல் மக்கள் பலர் வேலைக்காக நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். சுரங்கம் நின்றது, ஆனால் இரவில் உழைத்துப் பகலில் உறங்குவோர் இன்றும் உள்ளனர்.

2. ஒரு வீடு, ஒரு நாய், ஒரு முறையீடு

இத்தகைய லைன் ஒன்றில் அடுத்தடுத்த இரு வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

முதல் வீட்டில் தந்தை, தாய், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆகிய மூவர். அவர்கள் வளர்க்கும் நாயின் பெயர் மணி. வாசலில் உள்ள கம்பத்தில் குட்டையான சங்கிலியால் மணி கட்டப்பட்டிருக்கும். காலை எட்டரை மணிக்கு மூவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவர். மாலை ஐந்து மணிக்குத் திரும்புவர்.

அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டியும் அவருடைய பேரனும் வாழ்கின்றனர். பேரன் பெங்களூரில் இரவுக் காவலர். காலை வண்டியில் வந்திறங்கி, ஒன்பது மணிக்குப் படுத்து, பிற்பகல் மூன்று மணிக்கு எழுவது அவர் வழக்கம்.

ஒருநாள் மாலை அந்த இளைஞர் வாசலில் வந்து நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணா, உங்கள் மணி பகல் முழுவதும் குரைக்கிறது. இந்த வாரத்தில் நான் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் உறங்கியதில்லை. நேற்று வேலையில் கண் அயர்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் எச்சரித்துவிட்டார்.”

தந்தை வியப்புற்றார். “எங்கள் மணியா? அது குரைப்பதே இல்லையே, தம்பி! வேறு நாயாக இருக்கும்.”

இருவரும் சொன்னது உண்மை. தந்தை வீட்டில் இருக்கும்பொழுது மணி குரைப்பதில்லை. அவர் இல்லாத பொழுதுதான் குரைக்கிறது. தாம் கேளாத ஒலியை அவர் எங்ஙனம் நம்புவார்? இளைஞர் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார்.

மறுநாள் காலை மூதாட்டி மகளை அழைத்தார். “கண்ணு, அந்தக் காலத்தில் இரவு வேலைக்காரர் பகலில் தூங்கும்போது நாங்கள் உரலில் உலக்கை போடமாட்டோம். பிள்ளைகளை வாசலில் விளையாடவிடமாட்டோம். தூங்காமல் சுரங்கத்தில் இறங்கினால் உயிருக்கே கேடு என்று எல்லாருக்கும் தெரியும். இந்தப் பிள்ளைக்கும் வேலை போய்விடக்கூடாது, அம்மா.”

“மணியை விரட்டிவிடச் சொல்கிறீர்களா, பாட்டி?” மகளின் குரல் தழுதழுத்தது.

“அப்படிச் சொல்வேனா? நீங்கள் எல்லாரும் போன பிறகு அது அழுகிற அழுகையை நான்தானே கேட்கிறேன்!”

‘அழுகை’ என்னும் சொல் மகளைச் சிந்திக்க வைத்தது. ‘மணி ஏன் குரைக்கிறது?’ என்று அவள் முதன்முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

3. குரைப்பும் ஒரு மொழியே

வளர்ந்த ஓநாய்கள் மிக அரிதாகவே குரைக்கும். பெரும்பாலும் எச்சரிக்கை செய்யவே குரைக்கும். மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் நாயோ பல சூழல்களில் குரைக்கிறது. புதியவரைக் கண்டால் குரைக்கும், விளையாட அழைத்தும் குரைக்கும், தனிமையிலும் குரைக்கும்.

இக்குரைப்புகள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் உள்ள ஆய்வாளர்கள் வெவ்வேறு சூழல்களில் நாய்கள் குரைப்பதைப் பதிவு செய்து, மனிதர்களைக் கேட்கச் செய்தனர். எந்தக் குரைப்பு எந்தச் சூழலுக்கு உரியது என்பதைக் கேட்டவர்கள், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மிகுதியாகச் சரியாகக் கூறினர். நாய் வளர்த்தறியாதவர்களும் அவ்வாறே கூறினர். இம்முடிவு 2005இல் வெளியாயிற்று. நாயின் குரலைப் புரிந்துகொள்ளும் திறன் நம்மிடம் ஓரளவு உள்ளது என்பது இதனால் விளங்குகிறது. செவி கொடுத்தால் போதும்.

குரைப்பின் காரணங்களுள் முதன்மையானவை வருமாறு:

• காவல்: வாசலில் புதியவரோ வேறு விலங்கோ தோன்றினால் வேகமாகவும் தாழ்ந்த குரலிலும் குரைக்கும். அவர் கடந்து சென்றதும் நின்றுவிடும்.

• தனிமை: வீட்டார் புறப்பட்ட சிறிது நேரத்தில் தொடங்கும். உயர்ந்த குரலில் விட்டுவிட்டுக் குரைக்கும், இடையே ஊளையிடும், கதவைச் சுரண்டும்.

• சலிப்பு: ஓடவும் மோப்பம் பிடிக்கவும் வழியில்லாத நாய் ஒரே தாளத்தில் நெடுநேரம் குரைக்கும்.

• கவனம் வேண்டல்: உணவோ விளையாட்டோ வேண்டி, நம் முகத்தைப் பார்த்தபடி குரைக்கும்.

• வலியும் முதுமையும்: காதுவலி, காயம், முதுமையில் வரும் மறதி ஆகியவற்றாலும் குரைக்கும். அமைதியாக இருந்த நாய் திடீரென ஓயாது குரைக்கத் தொடங்கினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவியோ 40,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளைக் கேட்கும். எனவே ‘ஒன்றுமே இல்லாததற்குக் குரைக்கிறது’ என்று நாம் எண்ணும்பொழுதும், நமக்குக் கேளாத ஏதோ ஒன்று அதற்குக் கேட்டிருக்கலாம்.

4. ஒரு வாரக் குறிப்பேடு

மகள் ஒரு குறிப்பேட்டை மூதாட்டியிடம் கொடுத்தாள். “பாட்டி, மணி எப்பொழுது குரைக்கிறது, அப்பொழுது வாசலில் என்ன நடக்கிறது என்று எழுதித் தருகிறீர்களா?” என்று கேட்டாள். மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழு நாள்கள் எழுதினார். அவற்றுள் ஒரு நாளின் குறிப்பு இது:

காலை 8.35 – நீங்கள் போனதும் தொடங்கியது. இருபது நிமிடம். நடுவில் ஊளை.
காலை 9.15 – பள்ளிப் பிள்ளைகள் ஓடினார்கள். குரைத்தது. அவர்கள் போனதும் நிறுத்தியது.
காலை 11.00 – காய்காரர் வந்தார். குரைத்தது.
பகல் 12.30 முதல் 1.15 வரை – யாரும் இல்லை. சும்மாவே குரைத்தது. சங்கிலி கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கழுத்தை இழுத்தது. தண்ணீர்ச் சட்டி வெயிலில் காய்ந்து கிடந்தது.

தந்தை அதைப் படித்தார். கடைசி வரியை மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து அடுத்த வீட்டுக்குச் சென்றார்.

“தம்பி, நீ சொன்னதை நான் நம்பாதது என் தவறு. எங்களுக்குச் சிறிது நாள் கொடு.”

ஒரு நாயிடம் மூன்று காரணங்கள் இருந்தன: தனிமை, காவல், சலிப்பு. காரணம் மூன்றாயின் தீர்வும் மூன்றாகத்தானே இருக்கவேண்டும்!

5. பழக்கும் முறை

முதலாவதாக, இடத்தை மாற்றினர். தெருவைப் பார்த்த வாசலிலிருந்து வீட்டின் பின்புறத்து முற்றத்திற்கு மணி குடிபெயர்ந்தது. கீற்றால் நிழல் அமைத்தனர். கவிழாத மண்சட்டியில் நீர் வைத்தனர். முற்றத்தின் படலைச் செப்பனிட்டுச் சங்கிலியைக் கழற்றினர். கண்ணுக்குத் தெரியாத வழிப்போக்கரைக் கண்டு குரைக்க வேண்டிய தேவை மணிக்குக் குறைந்தது.

இரண்டாவதாக, சலிப்பைப் போக்கினர். காலை ஆறு மணிக்கு மகளும் தந்தையும் மணியை அரைமணி நேரம் நடக்க அழைத்துச் சென்றனர். வழியில் அது விரும்பிய இடங்களில் நின்று மோப்பம் பிடிக்க விட்டனர். மோப்பம் பிடிப்பது நாய்க்கு நாளிதழ் படிப்பதைப் போன்றது. ஓடிக் களைத்த நாய் நன்கு உறங்கும். புறப்படும் நேரத்தில், பழந்துணியில் சிறு சிறு ரொட்டித் துண்டுகளைச் சுருட்டி வைத்தனர். அவற்றைத் தேடி எடுப்பதில் மணிக்குப் பொழுது கழிந்தது.

மூன்றாவதாக, தனிமையைப் பழக்கினர். விடுமுறை நாள்களில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் வெளியே நின்று திரும்பினர், பிறகு இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், பிறகு அரைமணி. மணி அஞ்சத் தொடங்குமுன்பே திரும்பிவிடுவதே இதன் நுட்பம். போகும்பொழுதும் வரும்பொழுதும் ஆரவாரம் செய்யாமல் இருந்தனர். ‘சென்றவர் திரும்புவர்’ என்பதை மணி மெல்ல மெல்லக் கற்றது. நடுப்பகலில் மூதாட்டியும் முற்றத்துப் படலருகே வந்து அமர்ந்து கீரை ஆய்ந்தார்.

அத்துடன் ‘போதும்’ என்னும் சொல்லையும் மணிக்குக் கற்பித்தனர். மணி குரைத்து நிறுத்திய நொடியில், தாழ்ந்த குரலில் ‘போதும்’ என்று சொல்லி ஒரு துண்டு ரொட்டி கொடுத்தனர். நாள்தோறும் சிலமுறை இவ்வாறு செய்யவே, அச்சொல்லுக்கு ‘அமைதி’ என்பது பொருள் என்று மணி அறிந்துகொண்டது. தமிழில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும் நாய் கற்கும். ஆனால் வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துதல் வேண்டும்.

6. செய்யத்தகாதவை

குரைக்கும் நாயை நோக்கி நாமும் உரக்கக் கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அது கருதக்கூடும். அடித்தால் அச்சம் மிகும். அச்சம் மிகுந்தால் குரைப்பும் மிகும். வாயைக் கட்டி வைத்தால் நாய் இளைப்பாற வழியின்றித் தவிக்கும். ஏனெனில் நாய் தன் உடல் வெப்பத்தை நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே தணிக்கிறது.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நாயை எந்நேரமும் கட்டிவைத்து அதற்கு உரிய நடமாட்டம் தராமலிருப்பதைக் குற்றம் என்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியால் நெடுநேரம் கட்டுவதும் குற்றமே. சினத்தால் நாய்க்கு நஞ்சு வைப்பதும் தண்டனைக்குரிய குற்றமாகும். எல்லா உயிர்களிடத்தும் பரிவு காட்டுவது குடிமக்களின் கடமை என்று இந்திய அரசியலமைப்பின் 51-அ பிரிவும் கூறுகிறது.

அண்டை வீட்டாரின் அமைதிக்கும் சட்டத்தில் இடமுண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என ஒலிக்கு அளவு வகுத்துள்ளன. பெரிய நாய் ஒன்று அருகில் நின்று குரைத்தால் அவ்வொலி 90 டெசிபலையும் தாண்டலாம். ஆகவே ‘நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும்’ என்று வளர்ப்பவர் கைவிரிப்பதும் முறையன்று.

7. கல்லில் வாழும் இரு நாய்கள்

நாயின் குரலையும் துணிவையும் நம் முன்னோர் மதித்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த அக்கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த செய்தியைக் கல்வெட்டு கூறுகிறது.

கருநாடகத்து மண்டியா மாவட்டத்தின் ஆதகூரில் மற்றொரு கல் கிடைத்தது. 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் வென்ற பின், மணலேரன் என்னும் வீரன் பரிசாகக் கேட்டது ‘காளி’ என்னும் நாயை. அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, அதைக் கொன்று தானும் மடிந்தது. அதன் நினைவாக நட்ட அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. தக்கோலம் இருப்பது தமிழ்நாட்டில். கல் நின்றது கன்னட நாட்டில். தமிழில் ‘நாய்’, கன்னடத்தில் ‘நாயி’. இரு மொழியாரும் நாயைப் பெயரிட்டு அழைத்தனர்; அது இறந்தபோது கல் நட்டு நினைவு கூர்ந்தனர்.

8. மீண்டும் லைனில்

மணியின் குரைப்பு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதல் வாரத்தில் மாற்றம் சிறிதே. மூன்றாம் வாரத்தில் காலை ஊளை நின்றது. இரண்டு மாதங்களுக்குப் பின்னும் காய்காரரின் குரல் கேட்டால் மணி மூன்று முறை குரைக்கும், பிறகு படுத்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிறு மாலை அந்த இளைஞர் முற்றத்துப் படலருகே வந்தார். மணி எழுந்து நின்று ஒருமுறை குரைத்தது.

“போதும்!” என்றார் அவர். மணி வாலை ஆட்டியது.

“உங்களுக்கு எப்படி அந்தச் சொல் தெரியும், அண்ணா?” என்று மகள் வியந்தாள்.

“சுவர் ஒன்றுதானே, தங்கச்சி! நீ சொல்லிக்கொடுத்தது எல்லாம் எனக்கும் கேட்டது” என்று சொல்லிச் சிரித்தார் அவர். அவர் கண்களில் சிவப்பு இல்லை.

சொல்லும் பொருளும்

முறையீடு – குறையை எடுத்துக் கூறுதல்
கண் அயர்தல் – உறங்கிவிடுதல்
மூதாட்டி – வயது முதிர்ந்த பெண்
படல் – ஓலை, முள், மூங்கில் முதலியவற்றால் அமைத்த தடுப்பு
பொருதல் – போரிடுதல்
நடுகல் – இறந்த வீரரின் நினைவாக நடும் கல்
ஞமலி, ஞாளி – நாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள்
குருளை – நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் குட்டி

மொழிப் பயிற்சி

அ. ஒலி மரபு அறிவோம்: நாய் குரைக்கும், நரி ஊளையிடும், புலி உறுமும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், மயில் அகவும், வண்டு முரலும். இவற்றுள் ஐந்தைத் தேர்ந்து சொற்றொடரில் அமைத்து எழுதுக.

ஆ. ‘குரைக்கிற நாய் கடிக்காது’, ‘நாய் விற்ற காசு குரைக்குமா?’ – இப்பழமொழிகளை உங்கள் வீட்டில் எப்பொழுது சொல்வர் எனப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. இவற்றிற்கு ஒத்த கன்னடப் பழமொழி உண்டா எனத் தோழரிடம் கேட்டறிக.

வினாக்கள்

1. லைன் வீடுகளில் எந்நேரமும் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தது ஏன்?
2. “எங்கள் மணி குரைப்பதே இல்லை” என்று தந்தை கூறியதை உண்மை எனலாமா? விளக்குக.
3. மூதாட்டியின் குறிப்பிலிருந்து மணி குரைத்ததற்கான மூன்று காரணங்களையும் எடுத்து எழுதுக.
4. தந்தை கடைசி வரியை மீண்டும் படித்தது ஏன்? அப்பொழுது அவர் என்ன எண்ணியிருப்பார்?
5. எடுத்தனூர், ஆதகூர்க் கற்கள் உணர்த்தும் செய்தி யாது?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு நாயைத் தொலைவில் இருந்தபடியே மூன்று நாள்கள் உற்றுநோக்குக. அது குரைத்த நேரம், சூழல், காரணம் ஆகியவற்றை மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையில் எழுதுக. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும் நெருங்காதீர். நாய் கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்க.